வெயிலால் ஓர் எலக்ட்ரானைப் பிய்த்தெடுக்க முடியுமா?

நண்பகலில் புக்கிட் தெங்கா பக்கம் புதிதாகப் போட்ட தகரக் கூரை ஒன்றைப் பாருங்கள். கண் கூசும், கை வைத்தால் சுடும். தகரத்தின் மேல் பூசியிருப்பது துத்தநாகம். இத்தனை கடுமையான வெயில் அதிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்து எறியுமா?

எறியாது என்றே சொல்லலாம். உலோகத்தை விட்டு ஓர் எலக்ட்ரான் வெளியேறக் குறைந்த அளவு ஆற்றல் ஒன்று தேவை. மலாய்ப் பாடநூலில் ‘ஃபுங்சி கெர்ஜா’ என்று படிக்கிறோமே, அதுதான். துத்தநாகத்துக்கு அது சுமார் 4.3 எலக்ட்ரான் வோல்ட். சிவப்பு ஒளியின் ஒரு ஃபோட்டானிடம் இருப்பதோ சுமார் 1.8 தான். ஊதா ஒளியிடமும் 3-ஐ ஒட்டியே இருக்கிறது. 4.3-ஐத் தாண்டும் புற ஊதாக் கதிர்களை ஓசோன் படலம் ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது.

வெயில் அதிகமானால்? அப்போதும் நடக்காது. 50 சென் நாணயத்தை மட்டும் ஏற்கும் இயந்திரத்தில் 20 சென் நாணயங்களை எத்தனை போட்டாலும் பொருள் வராது. எலக்ட்ரானும் அப்படித்தான், சில்லறையைச் சேர்த்து வைப்பதில்லை. 1888-இல் ஹால்வாக்ஸ் புற ஊதா ஒளியைத் துத்தநாகத் தகட்டின் மேல் பாய்ச்சி, அது எதிர்மின்னூட்டத்தை இழப்பதைக் கண்டார். காரணத்தை 1905-இல் விளக்கியவர் ஐன்ஸ்டைன்.

அப்படியானால் ஆற்றல் குறைந்த ஒளி சும்மா இருக்கிறதா? இல்லை. உலோகத்துக்குள் சுதந்திரமாக அலையும் எலக்ட்ரான்களை அது ஒன்றாக ஊசலாட வைக்கிறது. ஊசலாடும் எலக்ட்ரான்கள் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன. கண் கூசுவது அதனால்தான். மிச்ச ஆற்றல் மோதல்களில் வெப்பமாகிறது, கூரை சுடுகிறது.

நுண்ணலை அடுப்பில் இதை இன்னும் தெளிவாகக் காணலாம். அதன் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் லட்சத்தில் ஒரு பங்குதான். அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவிலுள்ள உலோக வலையின் துளைகள் மிகச் சிறியவை என்பதால், வலையின் எலக்ட்ரான்கள் அலையை உள்ளேயே திருப்பிவிடுகின்றன. உணவு நமக்குத் தெரிகிறது. அலை நம்மைத் தொடுவதில்லை.

ஆனால் உள்ளே ஒரு முள்கரண்டியை வைத்தால், எலக்ட்ரான்கள் அதன் கூர்முனைகளில் குவியும். அங்கே மின்புலம் வலுத்து, காற்றிலேயே தீப்பொறி பறக்கலாம். ஆகவே கரண்டியையும் அலுமினியத் தாளையும் உள்ளே வைக்காதீர்கள்.

இனி, சிவப்பு ஒளியின் செறிவை இரு மடங்காக்கினால் துத்தநாகத்திலிருந்து எலக்ட்ரான் வெளிவருமா என்று தேர்வில் கேட்டால் தயங்க வேண்டாம். வராது, தகடு இன்னும் கொஞ்சம் சூடாகும், அவ்வளவுதான்.