கிராபிக்ஸ் மிரட்டுது... ஆனா விளையாட என்ன இருக்கு? ரூ.5 ஆயிரம் கொடுத்து வீடியோ கேம் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

டிரெய்லரைப் பார்த்தா ஹாலிவுட் படம் மாதிரியே இருக்கும். பனிமலை சரியும், பாலம் இடிஞ்சு விழும், ஹீரோ நூலிழையில் தப்பிப்பார். முகத்தில் இருக்கும் தழும்பு முதல் மழையில் நனைந்த சட்டை வரை எல்லாமே தத்ரூபம்.

இந்த வகை ஆக்‌ஷன் அட்வெஞ்சர் கேம்களின் விலையும் சினிமா பட்ஜெட் போல ஏறிக்கொண்டே போகிறது. 'காட் ஆஃப் வார் ரக்னராக்', 'ஸ்பைடர்மேன் 2' ஆகியவற்றின் பிளேஸ்டேஷன் 5 பதிப்பு இந்தியாவில் ரூ.4,999-க்கு வெளியானது.

அவ்வளவு காசு கொடுத்து வாங்கினா, நாம நிஜமாவே விளையாடுறோமா, இல்ல கையில் கன்ட்ரோலரை வெச்சுக்கிட்டு வேடிக்கை பார்க்கிறோமா? கேமர்கள் மத்தியில் பல வருஷமா ஓடிக்கிட்டிருக்கும் இந்தச் சண்டையின் பின்னணியைப் பார்க்கலாம்.

இது புதுப் பிரச்சினையா?

இல்லை. 40 வருஷத்துக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

1983-ல் அமெரிக்க ஆர்கேட் கடைகளுக்கு 'டிராகன்ஸ் லேர்' என்ற கேம் வந்தது. மற்ற கேம்களில் கட்டம் கட்டமாக உருவங்கள் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இதில் மட்டும் முழு கார்ட்டூன் படமே ஓடியது. வரைந்தவர் பிரபல அனிமேஷன் இயக்குநர் டான் புளூத். படம் லேசர் டிஸ்க்கில் பதிவாகியிருந்தது. மற்ற கேம்களுக்கு 25 சென்ட் போதும், இதுக்கு 50 சென்ட். ஆனாலும் கூட்டம் அள்ளியது.

விளையாட்டு என்னன்னு பார்த்தா, சரியான நொடியில் சரியான திசையில் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளணும், இல்லேன்னா வாள் பட்டனை அழுத்தணும். அவ்வளவுதான். தவறினால் ஹீரோ சாகும் காட்சி ஓடும். கஷ்டமான கேம்தான். ஆனா அந்தக் கஷ்டம் மனப்பாடம் பண்ணும் கஷ்டம். யோசித்து முடிவெடுக்க அதில் பெரிதாக எதுவும் கிடையாது.

2015-ல் வெடித்த சர்ச்சை

அதே விவாதம் பெரிதாக வெடித்தது 2015 பிப்ரவரியில். பிளேஸ்டேஷன் 4-க்கு 'தி ஆர்டர்: 1886' வெளியானது. விக்டோரியா காலத்து லண்டன், ஓநாய் மனிதர்கள், பறக்கும் கப்பல்கள். சினிமாஸ்கோப் படம் போல திரையின் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. அன்றைய தேதியில் மிக அழகான கேம்களில் ஒன்று என்று எதிராளிகளும் ஒப்புக்கொண்டார்கள்.

ஆனா விலை 60 டாலர். சுமார் 6, 7 மணி நேரத்தில் பலர் முடித்துவிட்டார்கள். அதிலும் கணிசமான பகுதி வெட்டுக்காட்சிகள். திரையில் தெரியும் பட்டனை அழுத்தினால் ஹீரோவே மீதியைப் பார்த்துக்கொள்ளும் 'குவிக் டைம் ஈவென்ட்' பகுதிகளும் நிறைய. விமர்சகர்களின் பாராட்டு காட்சிகளோடு நின்றுவிட்டது. இரண்டாம் பாகம் வரவே இல்லை.

அழகான கேம் ஏன் ஈஸியா மாறுது?

சோம்பேறித்தனம் என்று சொல்லிவிட முடியாது. இதுக்குப் பின்னால் மூணு காரணங்கள் இருக்கு.

*ஒன்று, பணம்.* 2023-ல் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்துக்கு எதிராக அமெரிக்க அரசு அமைப்பு தொடுத்த வழக்கில், சோனி தாக்கல் செய்த ஆவணங்கள் வெளியாயின. ரகசிய எண்களை கறுப்பு மார்க்கரால் அடித்திருந்தார்கள். ஸ்கேன் செய்தபோது அந்த எண்கள் அப்படியே தெரிந்துவிட்டன. 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' உருவாக்க சுமார் 22 கோடி டாலர், 'ஹொரைசன் ஃபர்பிடன் வெஸ்ட்' உருவாக்க சுமார் 21.2 கோடி டாலர் என்று இருந்தது. முதல் தொகை அப்போதைய மதிப்பில் ஏறக்குறைய 1,800 கோடி ரூபாய்.

ஒரு பிரதி 60 டாலர் என்று கணக்குப் போட்டால், முதலீட்டை எடுக்கவே 36 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்கணும். இதில் கடைக்காரர் பங்கும் விளம்பரச் செலவும் சேரவில்லை. அப்படின்னா கேம் எல்லோருக்குமானதா இருக்கணும். வாரத்தில் ஒருநாள் மட்டும் விளையாடுபவரும் கடைசிக் காட்சி வரை போகணும். கோடிகளைக் கொட்டி எடுத்த காட்சியை, பாதி பேர் பார்க்காமல் விட்டுவிடுவதை எந்த நிறுவனமும் விரும்பாது.

*இரண்டு, கண்ணுக்கு வரும் குழப்பம்.* பழைய கேம்களில் ஒரு ஏணி இருந்தால் அது ஏறுவதற்கு என்று உடனே புரியும். இப்போ ஒரு பாறையில் ஆயிரம் விரிசல். எதைப் பிடித்து ஏறலாம், எது வெறும் அலங்காரம்? விளையாடுபவருக்குத் தெரியாது. அதனால் ஏற வேண்டிய இடத்தில் மஞ்சள் பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். 'ரெசிடென்ட் ஈவில் 4' 2023 ரீமேக், 2024-ல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 7 ரீபர்த்' இரண்டிலும் இந்த மஞ்சள் பெயின்ட் பெரிய விவாதமானது. காட்சி எவ்வளவு நுணுக்கமோ, வழிகாட்டுதலும் அவ்வளவு தேவைப்படுது. வழி தேடும் வேலை அங்கே குறைந்துவிடுகிறது.

*மூன்று, வேகம்.* படம் மாதிரி நகரணும் என்றால் நடுவில் யாரும் மாட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. அதனால் புதிர் வந்ததும் கூட வரும் கதாபாத்திரம் விடையைச் சொல்லிவிடும். 'ரக்னராக்' வந்தபோது இந்தப் புகார் பலமாகவே எழுந்தது. நாம யோசிக்க ஆரம்பிக்கும் முன்னாடியே பக்கத்தில் இருப்பவர் "அதை உறைய வெச்சுப் பாரு" என்கிற ரீதியில் பேசினால் புதிர் எதுக்கு?

அப்போ அழகும் சவாலும் சேர்ந்து வராதா?

வரும். அதுக்கு நல்ல உதாரணம் சீனாவின் 'பிளாக் மித்: வுகாங்'. 2024 ஆகஸ்ட் 20-ல் வெளியானது. சீனப் புராணக் கதையின் குரங்கு வீரனை மையமாகக் கொண்ட இந்த கேமின் காட்சிகள் பிரமிக்க வைப்பவை. ஆனா 'ஈஸி மோட்' என்ற தேர்வே கிடையாது. ஆரம்பக் கட்டத்திலேயே பலரைத் திணறடித்தது. அப்படியும் 3 நாளில் 1 கோடி பிரதிகள் விற்றன.

ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2019-ல் தந்த 'செகிரோ'வும் அப்படித்தான். எதிரியின் வாள் வீச்சைச் சரியான நொடியில் தடுக்கணும். ஒரே கடினம், எல்லோருக்கும். அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் வாங்கியது.

இன்னொரு வழியும் இருக்கு. காட்சியையே விளையாட்டாக மாற்றுவது. 2020-ல் வந்த 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வில் போக வேண்டிய திசையைக் காட்ட திரையில் அம்புக்குறி கிடையாது. காற்று வீசும். புல்லும் இலைகளும் எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கம் போகணும். அழகாக இருக்கும் புல்லுக்கு அங்கே ஒரு வேலை இருக்கு.

கஷ்டம்னா எதிரிக்கு ரத்தத்தைக் கூட்டுவதா?

நிறைய கேம்களில் 'ஹார்ட்' மோட் போட்டால் நடப்பது ஒன்றுதான். 5 அடியில் சாகும் எதிரி 15 அடி தாங்குவார். இது சவால் இல்லை, நேர விரயம்.

நல்ல கடினம் நம் முடிவுகளை மாற்ற வைக்கும். 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா'வில் பின்னர் சேர்க்கப்பட்ட 'லீத்தல்' மோடில் எதிரியின் வாள் நம்மைச் சில அடிகளில் முடித்துவிடும். ஆனா நம்ம வாளும் அதே வேகத்தில் எதிரியை முடிக்கும். அதனால் ஒவ்வொரு வீச்சையும் யோசித்துத்தான் வீசணும்.

2018 'காட் ஆஃப் வார்' வேறொரு வழியைப் பிடித்தது. பிரதான கதையை யாரும் முடிக்கலாம். கடினமான சண்டையை வால்கிரிகள் என்ற 9 எதிரிகளிடம் வைத்துவிட்டார்கள். அவர்களோடு மோதுவது நம் விருப்பம். சவால் வேண்டும் என்பவர் தேடிப் போகலாம், வேண்டாம் என்பவர் கதையோடு நின்றுவிடலாம். ஆக, 'இந்த கேம் ரொம்ப ஈஸி' என்று சொல்பவர் எந்த மோடில், எது வரைக்கும் விளையாடினார் என்பதையும் கேட்கணும்.

கஷ்டமா இருந்தாதான் மதிப்பா?

அப்படியும் இல்லை. நாள் முழுக்க வேலை பார்த்துட்டு வந்து ஒரு மணி நேரம் கதைக்காக விளையாடுபவருக்கு, ஒரே எதிரியிடம் 40 தடவை செத்துப்போவது பொழுதுபோக்கு கிடையாது.

பார்வை, செவித்திறன், கை அசைவில் குறைபாடு உள்ளவர்களும் விளையாடுகிறார்கள். 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2'-ல் அவர்களுக்கான வசதிகளே 60-க்கும் மேல். எதிரியின் பலம், கிடைக்கும் பொருட்கள், ஒளிந்து செல்லும் பகுதி என ஒவ்வொன்றின் கடினத்தையும் தனித்தனியாகக் கூட்டலாம், குறைக்கலாம். இந்த மாதிரி தேர்வு இருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை.

தேர்வே கொடுக்காமல், எல்லோரையும் ஒரே தண்டவாளத்தில் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் பிரச்சினை.

எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு பார்த்தா போதுமா?

பலரும் போடும் கணக்கு இது. ரூ.4,999 கேம் 8 மணி நேரத்தில் முடிந்தால் மணிக்குச் சுமார் ரூ.625. 25 மணி நேரம் ஓடினால் மணிக்கு ரூ.200. கணக்கு சரிதான், ஆனா இதை மட்டும் நம்பினா ஏமாந்துடுவோம். 25 மணி நேரத்தில் 10 மணி நேரம் வரைபடத்தில் உள்ள புள்ளிகளைத் துரத்துவதாகவே இருந்தால், அந்த நேரத்துக்கு என்ன மதிப்பு?

சில நிறுவனங்கள் இதைப் புரிந்துகொண்டு விலையையே குறைத்தன. 2023-ல் யுபிசாஃப்ட் 'அசாசின்ஸ் க்ரீட் மிராஜ்' கேமை வேண்டுமென்றே சிறியதாகச் செய்து 50 டாலருக்கு விற்றது. 2024 மே மாதம் வந்த 'ஹெல்பிளேட் 2'-வும் 50 டாலர்தான், சுமார் 8 மணி நேரம். காட்சிகளுக்குப் பெரிய பாராட்டு. ஆனா சண்டையில் ஒரு நேரத்தில் ஒரே எதிரி, புதிர்களும் எளிது என்ற விமர்சனமும் கூடவே வந்தது. கேம் பாஸ் சந்தாவில் விளையாடியவருக்கு அது பெரிய குறையாகத் தெரியாது. முழு விலை கொடுத்தவருக்குத் தெரியும்.

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

1. டிரெய்லரை மட்டும் நம்ப வேண்டாம். கேமின் நடுப்பகுதியிலிருந்து வெட்டாத 20 நிமிட வீடியோவை யூடியூபில் பாருங்க. அதில் விளையாடுபவரே நகர்த்தும் நேரம் எவ்வளவு, காட்சி தானாக ஓடும் நேரம் எவ்வளவு என்று கவனியுங்க. 20-ல் 10 நிமிடம் தானாக ஓடினால் நீங்க வாங்கப் போவது பாதி கேம், பாதி படம்.

2. 'ஹார்ட்' மோடில் என்ன மாறுது என்று தேடிப் பாருங்க. எதிரியின் புத்திசாலித்தனம் மாறுதா, ரத்த அளவு மட்டும் கூடுதா?

3. குறிப்புகளை அணைக்கும் வசதி இருக்கான்னு பாருங்க. மஞ்சள் பெயின்டையும் உதவிக் குறியீடுகளையும் அணைக்க முடிந்தால் அதே கேம் வேறு அனுபவம் தரும்.

4. பணம் திரும்பக் கிடைக்குமா? கம்ப்யூட்டரில் ஸ்டீம் கடையில் வாங்கினால் 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். பிளேஸ்டேஷன் ஸ்டோரிலும் 14 நாள் அவகாசம் உண்டு. ஆனா டவுன்லோட் ஆரம்பித்துவிட்டால் பொதுவாகக் கிடைக்காது. டவுன்லோட் பட்டனைத் தொடும் முன் யோசிச்சுக்கோங்க.

5. டிஸ்க் பதிப்பு வாங்கினால் முடித்த பிறகு விற்கலாம், நண்பருடன் மாற்றிக்கொள்ளலாம். டிஜிட்டலாக வாங்கியதை அப்படிச் செய்ய முடியாது. ஒரே தடவை கதைக்காக விளையாடும் கேம்களுக்கு இந்த வித்தியாசம் முக்கியம்.

6. அவசரம் இல்லேன்னா காத்திருங்க. கதை கேம்கள் பல, சில மாதங்களிலேயே தள்ளுபடிக்கு வந்துவிடும். ரூ.4,999-க்குக் குறையாகத் தெரிந்த அதே 8 மணி நேரம் பாதி விலையில் நியாயமாகவே தோன்றலாம்.

கடைசியா என்னதான் முடிவு?

கண்ணைப் பறிக்கும் கேம் எல்லாமே வெறும் ஜோடனை என்பது தவறு. 'வுகாங்', 'செகிரோ', 'கோஸ்ட் ஆஃப் சுஷிமா' அதுக்குச் சாட்சி. அதே சமயம், செலவு கூடக்கூட எல்லோரையும் கடைசிவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் அழுத்தம் நிறுவனங்களுக்கு இருக்கு. அதுக்காக முதலில் குறைக்கப்படுவது நாம் யோசிக்க வேண்டிய இடங்கள்தான்.

அதனால் முதல் நாளே முழு விலை கொடுக்கும் முன் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கோங்க. எனக்கு வேண்டியது கதையா, சவாலா? கதைதான் வேணும்னா தள்ளுபடி வரை காத்திருப்பதில் நஷ்டமே இல்லை. சவால் வேணும்னா டிரெய்லரை மூடிட்டு, அந்த 20 நிமிட வீடியோவை ஒருதடவை பார்த்துட்டு முடிவெடுங்க.