வலி மாத்திரையும் நீரடைப்பும்

மூட்டுவலிக்கு மாத்திரை போட்ட பெரியவருக்கு மறுநாள் ஒண்ணுக்குப் போக முடியவில்லை என்றால், வீட்டில் யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. "வயசாச்சு, பிராஸ்டேட்டா இருக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பிராஸ்டேட் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது பல வருஷமாக அங்கேயே இருந்தது. நேற்று புதிதாக வந்தது மாத்திரை. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், அது கடைசியில் போய்ச் சேரப்போகிற இடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

சிறுநீர்ப்பையின் சுவர் முழுக்கத் தசை. டிட்ரூசர் என்று பெயர். நீர் சேரும்போது அது தளர்ந்து இடம் கொடுக்கும். 150, 200 மில்லி சேர்ந்ததும் லேசாக உணர்வு தட்டும். 400, 500 வந்தால் இருப்புக்கொள்ளாது. போகிற நேரத்தில் முதுகுத்தண்டின் அடியிலிருந்து வரும் நரம்புகள் அசிட்டைல்கோலினைச் சுரக்கின்றன. தசை சுருங்குகிறது, வாய் திறக்கிறது, நீர் இறங்குகிறது.

இதில் இன்னொருவருக்கும் பங்கு உண்டு. சுவர் விரியும்போது பையே தன் உள்தோலிலும் தசையிலும் புராஸ்டகிளாண்டின் என்ற பொருளைத் தயாரிக்கிறது. அது உணர்வு நரம்புகளை உசுப்பி 'நிறைந்துவிட்டது' என்ற செய்தியைச் சீக்கிரம் அனுப்பவைக்கும். தசையின் சுருக்கத்துக்கும் கை கொடுக்கும். தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள்தான் தேரை இழுக்கிறார்கள், ஆனால் பின்சக்கரத்தில் கட்டை கொடுத்து நெம்புகிறவர்கள் இல்லாவிட்டால் சில இடங்களில் தேர் அசையாது அல்லவா? அசிட்டைல்கோலின் வடம் பிடிக்கிறது, புராஸ்டகிளாண்டின் நெம்புகிறது.

டைக்ளோபெனாக், அசிக்ளோபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் வீக்கத்தைக் குறைப்பதே புராஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்துத்தான். ஆஸ்பிரின் வகை மருந்துகள் இப்படித்தான் வேலை செய்கின்றன என்று 1971இல் காட்டிய ஜான் வேனுக்கு 1982இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. விழுங்கிய மாத்திரைக்கு முழங்கால் எது, மூத்திரப்பை எது என்று தெரியாது. ரத்தத்தோடு போகிற இடமெல்லாம் தடுக்கும்.

வழி தடையில்லாமல் இருக்கும் இளைஞருக்கு இதனால் ஒன்றும் தெரியாது. பிராஸ்டேட் வீங்கி வழி குறுகியவருக்குத்தான் சிக்கல். அவருடைய பை ஏற்கெனவே முக்கி முக்கித்தான் நீரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. நெதர்லாந்தில் குடும்ப மருத்துவர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து 2005இல் வெளிவந்த ஆய்வில், இவ்வகை மாத்திரை எடுத்த 45 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்குத் திடீர் நீரடைப்பு அபாயம் ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. புதிதாகத் தொடங்கியவர்களிடம் அது இன்னும் அதிகம். இரண்டு மடங்கு என்றதும் மாத்திரையைக் குப்பையில் போட வேண்டாம். சிறிய அபாயம் இரட்டித்தாலும் பெரும்பாலோருக்குச் சிறியதுதான்.

எனக்குக் கவலை வேறு இடத்தில். மருந்துக்கடையில் நின்று "சளி, உடம்புவலி, ரெண்டு வேளைக்குக் கொடுங்க" என்று வாங்குகிறோமே, அதில். சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின் அசிட்டைல்கோலினைத் தடுக்கும். கூடவே இருக்கும் மூக்கடைப்பு மருந்து பையின் வாயை இறுக்கும். வலி மாத்திரை நெம்புகிறவரையும் அனுப்பிவிடும். நெடுநாள் சர்க்கரை நோயால் பையின் நரம்புகள் மரத்துப்போனவருக்கு இந்தக் கூட்டணி இன்னும் மோசம்.

வலி மருந்தின் இதே குணத்தை மருத்துவர்கள் நல்லதற்கும் பயன்படுத்துகிறார்கள். சிறுநீரகக் கல் வலியில் துடிக்கிறவருக்கு டைக்ளோ ஊசி போட்டதும் அடங்குவது, அது சிறுநீரகத்தில் ஏறிய அழுத்தத்தையும் குழாயின் இழுப்பையும் தணிப்பதால். இரவில் அடிக்கடி எழுகிறவர்களுக்கும் பலன் தெரிந்ததுண்டு. காரணம், பையின் துடிப்பு குறைவதோடு சிறுநீரகமும் நீரைக் குறைவாக இறக்குகிறது. அதற்காகத் தினமும் படுக்கப் போகும்போது ஒன்று போடக் கூடாது. வயிறும் சிறுநீரகமும் அதற்கு விலை கொடுக்கும்.

இந்தக் குடும்பத்தில் ஒன்று தலைகீழாக நடந்துகொண்டது. தியாப்ரோபெனிக் அமிலம் என்ற மூட்டுவலி மருந்து, பையை அடக்குவதற்குப் பதில் புண்ணாக்கியது. எரிச்சல், ரத்தம், நிமிஷத்துக்கு ஒருமுறை ஓட்டம். காரணம் தெரியாமல் பரிசோதனைக்கு மேல் பரிசோதனை செய்தவர்கள் உண்டு. பிரிட்டனில் 1994இல் அதிகாரபூர்வமாக எச்சரித்தார்கள். மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குக் குணமானது.

பாராசிட்டமால் இந்தக் கூட்டத்தில் சேராது. ஆனால் நம் கடைகளில் அதை அசிக்ளோபெனாக்கோடு சேர்த்தே ஒரு மாத்திரையாக விற்கிறார்கள். அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள். பிராஸ்டேட் தொந்தரவு உள்ளவர்கள் மூட்டுவலிக்குப் போகிற டாக்டரிடமும் அதைச் சொல்ல வேண்டும். அடிவயிறு கல்லாகி, முட்டிக்கொண்டு வந்தும் சொட்டுக்கூட இறங்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், டியூப் போட்டு வடித்துவிடுவார்கள். என்ன மாத்திரை, எப்போது போட்டீர்கள் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.