வீட்டில் காக்டீல் வளர்க்கலாமா?

நாட்பட்ட இருமலோடு வருபவர்களிடம், "வீட்டில் பறவை உண்டா?" என்று நாங்கள் கேட்பது பலருக்கு வியப்பளிக்கிறது. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட காக்டீல் கிளி சாதுவானது. சீட்டியடிக்கும், தோளில் வந்து அமரும். தனித்திருக்கும் முதியோருக்கு அது நல்ல துணை என்பதில் எனக்கு ஐயமில்லை.

இடர் அதன் இறகில் இருக்கிறது. காக்டீலின் உடலிலிருந்து மாவு போன்ற நுண்துகள் ஓயாது உதிரும். இதனையும் உலர்ந்த எச்சத்தின் தூசியையும் சுவாசிக்கும் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சி உண்டாகிறது. கூண்டைச் சுத்தம் செய்த 4 முதல் 8 மணி நேரத்தில் காய்ச்சலும் மூச்சுத்திணறலும் வந்தால் காரணம் எளிதில் புலப்படும். ஆனால், ஓரிரு பறவைகள் மட்டும் உள்ள வீடுகளில் நோய் பெரும்பாலும் ஓசையின்றி வளரும். மாடி ஏறினால் மூச்சு வாங்கும்; எடை குறையும்; முதுமை என்றே எண்ணுவார்கள். தழும்பேறிய நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

கிளிக்காய்ச்சல் வேறு. அது கிருமியால் வருவது. உரிய காலத்தில் டாக்சிசைக்ளின் கொடுத்தால் குணமாகும்.

ஆஸ்துமாவோ நுரையீரல் தழும்பு நோயோ உள்ளவர்கள் புதிதாக வாங்க வேண்டா. பிறர் கூண்டைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். எச்சத்தை ஈரத்துணியால் துடையுங்கள்.

ஒவ்வாமை உறுதியானால் பறவையைப் பிரிவதே சிகிச்சையின் முதற்படி. 15 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய உயிர் அது, குழந்தைகள் அழுவார்கள். அன்போடு வளர்ப்பவரிடம் ஒப்படையுங்கள். அதன்பின்னும் துகள் மாதக்கணக்கில் தங்கியிருக்கும். திரைச்சீலை, மெத்தை, மின்விசிறி இறக்கை அனைத்தையும் சுத்தம் செய்தல் வேண்டும். அப்பணியை நோயாளி செய்யலாகாது.