ஆற்றோரக் கொரங்காடு விற்பனைக்கு

போன மாதம் காங்கயம் பக்கத்திலிருந்து மாமா வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் அனுப்பியிருந்தார். நொய்யல் ஆற்றோரம் 12 ஏக்கர் கொரங்காடு, பண்ணை வீட்டுக்கு ஏற்றது, முயலும் கௌதாரியும் நிறைய, வேட்டைக்கும் ஆகும். கீழே அவருடைய கேள்வி: "நம்ம மாடு இத்தனை வருசமா குத்தகைக்கு மேயற காடுதான் மாப்ளே இது. நாமளே வாங்கிரலாமா?"

பதில் சொல்வதற்காகத் தேடிப் படித்ததை இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலில் கொரங்காடு. வெளியூர்க்காரர் கண்ணுக்கு இது தரிசு நிலம். உண்மையில் இது ஆள் வைத்துப் பராமரிக்கிற மேய்ச்சல் நிலம். காங்கயம், தாராபுரம் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. வருடத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர்தான் மழை. அதனால் இங்கே வெள்ளாமையைவிட மாட்டை நம்பினார்கள். தரையில் கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரங்கள், சுற்றி கிளுவை உயிர்வேலி. புல் வறண்ட கோடையில் வெள்வேலங்காய் தீவனமாகும். காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒன்றில் மேய்க்கும்போது மற்றதில் புல் வளர விடுவார்கள். காங்கயம் மாடு இந்தக் காட்டில் உருவான இனம். பழையகோட்டைப் பட்டக்காரர் மந்தைகளும் இப்படிப்பட்ட மேய்ச்சலை நம்பியவைதான்.

இரண்டாவது, வேட்டை. அமெரிக்காவில் டெக்சாஸ் மாதிரி இடங்களில் பண்ணை நிலத்தோடு வேட்டை உரிமையும் ஒரு வருமானம். சீசனுக்கு வேட்டைக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உரிமம் வாங்கி வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் மூடிவிட்டது. நிலம் நம் பட்டாவில் இருக்கலாம், அதில் ஓடுகிற முயல் நம்முடையது அல்ல. கௌதாரிக்குக் கண்ணி வைத்தாலும் குற்றம்தான். மயில் வந்து விதையைத் தின்றால் விரட்டலாம், கொல்லக்கூடாது. ஆக, விளம்பரத்தில் அந்த வரிக்கு மதிப்பு பூஜ்யம்.

மூன்றாவது, ஆறு. வேறு ஊரில் ஆற்றோரம் என்றால் விலை ஏறும். திருப்பூருக்குக் கீழே நொய்யல் கதை வேற. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் பிடிக்க நிறைய உப்பு போட வேண்டும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கும், உப்பு முழுக்கக் கழிவுநீரோடு வெளியே போகும். சாதாரணச் சுத்திகரிப்பு நிறத்தைக் குறைக்குமே தவிர, கரைந்த உப்பை எடுக்காது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் அந்தத் தண்ணீர் தேங்கி, மண்ணில் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குப் போனது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலையங்களுக்கே மறுபடி அனுமதி கிடைத்தது. ஆனால் நிலத்தடியில் இறங்கின உப்பு தீர்ப்பு வந்த அன்றே போய்விடாது. நல்ல மழை பெய்து பெய்து கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கரையும்.

அதனால் மாமாவிடம் மூன்று வேலை சொன்னேன். கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்க. குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை போகலாம். மாடு இதைவிட உப்பான தண்ணீரையும் தாங்கும். ரெண்டாவது, நில அளவை வரைபடத்தை வைத்து எல்லையை அளந்து பாருங்க. ஆறும் கரையும் புறம்போக்கு என்றால் அதற்கும் சேர்த்து நம்மிடம் காசு வாங்கிவிடக்கூடாது. மூன்றாவது, வில்லங்கச் சான்று.

சோதனை முடிவு வந்தது. மனுசருக்கு ஆகாது, மாட்டுக்குச் சமாளிக்கலாம். வில்லங்கம் இல்லை. எல்லை அளவு இன்னும் பாக்கி.

மாமாவுக்குக் கடைசியாக எழுதினது இதுதான்: "ஆத்துக்கும் வேட்டைக்கும் ஒரு ரூபா கூடுதலாக் கொடுக்காதீங்க. புல்லுக்கும் கிளுவை வேலிக்கும் என்ன பெறுமோ அதைக் கொடுங்க. வேற ஆள் வாங்கினா முதல் நாளே பொக்லைன் விட்டு வேலியப் பிடுங்கிருவாங்க. அப்புறம் அந்தப் புல்லும் வேலியும் திரும்ப வர எத்தனை வருசம் ஆகும்னு உங்களுக்கே தெரியும்."

மாமா பதிலுக்கு ஒரே வரி போட்டார்: "சரி, விலை பேசிட்டுச் சொல்றேன்."