சிம்லாவுக்கு மூன்று நாட்கள்

கோடை விடுமுறை தொடங்கியதும் டில்லியிலுள்ள நம் குடும்பங்கள் பெரும்பாலும் தெற்கு நோக்கிப் புறப்பட்டு விடுகின்றன. பாட்டி வீடு, குலதெய்வம், கல்யாணம் என்று ஒரு மாதம் ஓடிவிடும். அது வேண்டியதுதான். ஆனால் ஓரிரவுப் பயணத்தில் எட்டிவிடும் இமயமலையை, இருபது ஆண்டுகள் இந்நகரில் வாழ்ந்தும் பாராதவர் நம்மவரில் எத்தனை பேர்! ஊரிலிருந்து பெற்றோர் வந்தாலோ, மொழி தெரியாமல் மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் அமர்ந்தே நாட்களைக் கழித்துத் திரும்புகிறார்கள். அவர்களை முன்னிட்டே இதனை எழுதுகிறோம்.

எப்போது போவது என்பதே முதற் கேள்வி. மே, ஜூனில் எல்லோரும் போகிறார்கள்; ஆகவே நாம் போகலாகாது. கூட்டத்துக்கு அஞ்சி மட்டும் இதைச் சொல்லவில்லை. 2018-ஆம் ஆண்டுக் கோடையில் சிம்லாவில் குடிநீருக்கே பஞ்சம் வந்து, ஊர்மக்கள் குடங்களுடன் தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றனர். அந்தத் தவிப்பு இன்னதென்று சென்னையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மழைக்காலமோ இன்னும் ஆபத்தானது. 2023 ஆகஸ்டு 14 அன்று, சம்மர்ஹில் பகுதியில் நேர்ந்த நிலச்சரிவில் சிவாலயம் ஒன்று புதையுண்டது. திங்கட்கிழமை வழிபாட்டுக்கு வந்திருந்த அடியார் பலர் மாண்டனர். அருகே ரயில் பாதையின் அடிமண் கரைந்து தண்டவாளம் அந்தரத்தில் தொங்கிற்று. ஆகவே சுதந்திர தின விடுமுறையைச் சாக்கிட்டுக் கிளம்ப எண்ணுவோரை, வேண்டாமென்று தடுக்கவே செய்வோம். விஜயதசமி கழிந்து தீபாவளி வருவதற்குள் உள்ள நாட்களே உத்தமம். வானம் துலங்கி, தொலைவிலுள்ள பனிச்சிகரங்கள் தெரியும்.

இரவில் டில்லியில் ரயிலேறினால் பொழுது விடியுமுன் கல்காவில் இறங்கலாம். அங்கிருந்து 1903-இல் திறக்கப்பட்ட சிறு ரயில். தண்டவாளத்தின் அகலம் இரண்டரை அடிதான். 96 கிலோமீட்டர் தூரத்தில் 102 சுரங்கங்களையும் எண்ணூறுக்கு மேற்பட்ட பாலங்களையும் கடந்து, ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். கார் விரைவில் போகுமென்பார் சொல்லைக் கேட்க வேண்டாம். வளைவுகளில் குழந்தைகளுக்குக் குமட்டும். நீண்ட சுரங்கம் பரோக்கில் உள்ளது. நீளம் 1,143 மீட்டர். அதன் இருளில் பிள்ளைகள் கூச்சலிடுவதைப் பெரியவர்கள் கண்டிக்காதிருத்தல் நலம். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கவும் பரோக்கே தக்க இடம். இருக்கைகள் சொற்பமாதலால் முன்பதிவு தொடங்கும் நாளிலேயே சீட்டு வாங்கிவிட வேண்டும்.

சிம்லா 1864 முதல் ஆங்கிலேயரின் கோடைத் தலைநகர். டில்லி சர்க்கார் அலுவலகங்களில் பணியாற்றிய நம் முன்னோர் சிலரும் கோப்புகளோடு அம்மலை ஏறி இறங்கியவர்களே. 1888-இல் கட்டி முடிந்த வைசிராய் மாளிகையைப் பார்க்கத் தவறலாகாது. அதை வடிவமைத்த ஹென்றி இர்வின்தான் பின்னர் சென்னை உயர்நீதிமன்றத்தையும் கன்னிமாரா நூலகத்தையும் எழுப்பியவர். 1945-இல் நடந்த சிம்லா மாநாட்டுக்கு ராஜாஜி வந்திருந்தார். ஜனாதிபதியாயிருந்த டாக்டர் ராதாகிருஷ்ணன், அம்மாளிகையில் 1965-இல் உயர் ஆராய்ச்சி நிலையத்தைத் தொடங்கி வைத்தார். பெரியவர்களுக்கு இவற்றைச் சொல்லிக்கொண்டே நடந்தால், அந்த இடம் அந்நியமாய்த் தோன்றாது.

உயரத்தைக் குறித்து அச்சம் வேண்டா. ஏறக்குறைய நம் உதகமண்டலத்தின் உயரமே. அஞ்ச வேண்டியது படிகளுக்குத்தான். மால் வீதியில் வாகனங்கள் ஓடுவதில்லை. கீழ்ச்சாலையிலிருந்து அங்கே ஏற்றிவிட மின்தூக்கி உண்டு. முழங்கால் வலி உள்ளவர்கள் அதன் அருகிலேயே அறை பார்ப்பது நன்று. இரத்த அழுத்த மருந்து கைப்பையில் இருக்கட்டும், பெட்டியில் அன்று. ஜாக்கூ குன்றிலுள்ள அனுமார் கோயிலில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரப்படுத்த வேண்டும். எங்களுடன் வந்த பெரியவர் ஒருவர், அனுமார் பக்தராதலால் தமக்கு ஒன்றும் நேராதென்றார். மறுகணம் கண்ணாடி மரத்தின்மேல்! ஒரு பொட்டலம் கடலைக்கு அது திரும்பக் கிடைத்தது.

மறுநாள் காலை அதே பெரியவர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, எங்களை எழுப்பாமலே ரிட்ஜ் மைதானத்துக்குப் போய்விட்டிருந்தார். தேடிச் சென்றபோது, வடக்கே வெயில் பட்ட பனிமலையை நோக்கிக் கைகூப்பி நின்றார். அறைக்குத் திரும்ப அவரை அழைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. தேநீரை அங்கேயே வாங்கி வந்தோம்.