பெண்ணுடலிற் கொழுப்பின் இடமாற்றம்: வயதும் வாழ்நிலையும்

நடுவயது கடந்த பெண்ணின் வயிறு பருத்தால் சமூகம் உடனே கூறும் காரணம், ‘இருந்து தின்கிறாள்’ என்பதாகும். படுவான்கரையிலே, கரடியனாறு போன்ற வயற்கிராமமொன்றில் களை பிடுங்கியும் வேளாண்மை வெட்டியும் நெற்குற்றியும் வாழ்ந்த ஒருத்தி மீது இக்கூற்றை ஏற்றுவது எத்துணைப் பொருத்தமற்றது என்பதை உடலியலே காட்டும்.

நமது இலக்கிய மரபு இவ்விடத்து அதிகம் உதவாது. உலா நூல்கள் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாகப் பெண்ணை ஏழு பருவமாக வகுத்தன. நாற்பதோடு கணக்கு முடிந்துவிடுகிறது. மன்னன் பவனி கண்டு மயங்கும் தகுதி அதற்கப்பால் இல்லையென நிலமானியப் புலவர் கருதினர் போலும்! நாம் ஆராயும் மாற்றமோ பெரிதும் அதற்குப் பின்னரே நிகழ்கிறது.

கருவளமுள்ள காலத்தில் ஈஸ்திரோஜன் என்னும் ஓமோன் கொழுப்பை இடுப்பின் கீழ்ப்புறத்திலும் தொடையிலும் தோலின் கீழே சேர்க்கிறது. கர்ப்பத்துக்கும் பாலூட்டலுக்குமான சேமிப்பு அது. ஏறத்தாழ ஐம்பது வயதளவில் மாதவிடாய் நிற்க, சூலகம் சுரக்கும் ஈஸ்திரோஜன் வீழ்கிறது. கொழுப்பு வயிற்றினுள்ளே, உள்ளுறுப்புகளைச் சூழப் படியத் தொடங்குகிறது. எடை கூடுவது பெரிதும் வயதின் விளைவு; கொழுப்பு இடம் மாறுவதே மாதவிடாய் நிறுத்தத்தின் விளைவு. இவ்விரண்டையும் பிரித்தறிதல் அவசியம். தசை குறைந்து கொழுப்பு மிகும்போது தராசு மாற்றத்தைக் காட்டாமலே இருக்கவுங்கூடும்.

கொழுப்பின் அளவினும் அது தங்குமிடமே நோய்க்கு முக்கியமென்பதை 1947இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் வாக் எடுத்துக்காட்டினார். வயிற்றினுட் கொழுப்பு நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் நெருங்கிய தொடர்புடையது. தென்னாசியரிடம் இது குறைந்த எடையிலேயே தோன்றுகிறது. பூனாவில் சித்தரஞ்சன் யாஜ்னிக் குழுவினர் நடத்திய ஆய்வுகளில், எடை குறைந்து பிறந்த சிசுக்களிடமும் கொழுப்பு மட்டும் அவ்வளவு குறையாதிருத்தல் கண்டறியப்பட்டது. தாயின் ஊட்டக்குறைவு பிள்ளையின் உடலமைப்பிற் பதிகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். வறுமையின் வரலாறு உடலில் எழுதப்படுகிறது என்று நாம் கூறினால் அது வெறும் உருவகமாகாது.

தென்னாசியப் பெண்களுக்கு இடைச்சுற்றளவின் எல்லை 80 சென்ரிமீற்றர் எனச் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் வகுத்துள்ளது. இலங்கையில் 2005–06இல் நடந்த தேசிய ஆய்வில் வளர்ந்தோரிடையே நீரிழிவு 10.3 சதவீதமாகக் காணப்பட்டது. நகரில் மிகுதியெனினும் கிராமமும் விலக்காகவில்லை.

கிராமத்திலே மாறியது உழைப்பும் உணவுமாகும். உரலின் இடத்தை ஆலையும், பெண்களின் அரிவாளின் இடத்தை அறுவடை இயந்திரமும் பிடித்துக்கொண்டன. உழைப்பின் சுமை குறைந்தது நன்றே. ஆனால் கூலியும் உடன் குறைந்தது. மலிவாகக் கிடைப்பவை வெள்ளையரிசி, கோதுமை மா, சீனி. பருப்பும் மீனும் முட்டையும் வீட்டில் முதலில் யாருக்குப் பரிமாறப்படுகின்றன என்பதையும் இங்கு நோக்கவேண்டும். தசையைக் காக்கும் புரதம் அவள் கோப்பைக்குக் கடைசியாகவே வருகிறது.

இடைச்சுற்றை அளக்க ஓர் அளவுநாடா போதும். ஆயின் பகலில் நடக்கும் சிகிச்சை நிலையத்துக்குச் செல்வதென்றால் கூலிக்காரப் பெண்ணுக்கு அது ஒருநாட் கூலி.