தக்கோலத்தில் இல்லாத தளபதி

திருச்சிக்கு அருகே ஜீயபுரத்தை ஒட்டிய திருச்செந்துறையில், காவிரியின் தென்கரையில், முற்காலச் சோழர் கற்றளி ஒன்று இருக்கிறது. அதை எடுப்பித்தவள் பூதி ஆதித்த பிடாரி. கொடும்பாளூர் வேளிர் வீட்டுப் பெண். முதற் பராந்தகனின் மகன் அரிகுலகேசரிக்கு வாழ்க்கைப்பட்டவள். அருகிலுள்ள அந்தநல்லூர்க் கோயிலைக் கட்டியவன் அதே குலத்துச் செம்பியன் இருக்குவேள். கரூர் பஸ்ஸில் போகிறவர்கள் சில நிமிடங்களில் கடந்துவிடும் இந்தத் துண்டு நிலத்தில், 10ஆம் நூற்றாண்டின் அரசியல் திருமணம் ஒன்று கல்லில் எழுதப்பட்டிருக்கிறது.

இடைக்கால அரசுகளை வைத்து ஆடும் கணினி விளையாட்டுகளுக்கு ‘மாட்’ எழுதுகிறவர்களுக்கு இது அருமையான மூலப்பொருள். விற்பனைக்கு வந்த ஒரு விளையாட்டின் கோப்புகளை ஆட்டக்காரர்களே திருத்திப் புதிய நாடு, புதிய மனிதர்கள், புதிய விதிகள் சேர்ப்பதுதான் மாட். ஸ்வீடனின் பாரடாக்ஸ் நிறுவனத்து ‘கிரூசேடர் கிங்ஸ்’ வரிசையில் 2014இல் வந்த ‘ராஜாஸ் ஆஃப் இந்தியா’ விரிவாக்கம் இந்தியாவையும் வரைபடத்துக்குள் கொண்டுவந்தது. 2020இல் வந்த மூன்றாம் பாகத்திலும் சோழ நாடு உண்டு. இந்த விளையாட்டின் விதிகளில் பெரும்பகுதி வெறும் எழுத்துக் கோப்புகளாக இருப்பதால், நோட்பேடில் திறந்தே திருத்தலாம். யார் மகள், யார் மனைவி, யாருக்கு எந்த ஊர் என்பதையெல்லாம் கோயில் சுவர்களிலிருந்து எடுத்து நிரப்பிவிடலாம்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். பிடாரி முன்கோபியா, நிதானமானவளா? அரிகுலகேசரி போரை விரும்பியவனா, தள்ளிப்போட்டவனா? கல்வெட்டு உறவைச் சொல்லும், கொடையைச் சொல்லும், சுபாவத்தைச் சொல்லாது. மெய்க்கீர்த்திகளைக் கேட்டால் எல்லா அரசர்களும் வீரர்கள், எல்லாரும் வள்ளல்கள். அதனால் மாட் எழுதுகிறவர் சுபாவத்தைத் தானே படைக்க வேண்டியிருக்கிறது. அதை எப்படிப் படைப்பது என்பதற்கு உளவியலில் நல்ல விடைகள் இருக்கின்றன என்பதே இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

2006இல் வந்த ‘மெடீவல் 2: டோட்டல் வார்’ விளையாட்டில் ஒரு தளபதி போரில் வென்றால் ‘நல்ல தளபதி’ என்ற குணத்துக்குப் புள்ளி விழுவதற்கு இத்தனை சதவீத வாய்ப்பு என்று எழுதியிருக்கும். புள்ளிகள் ஒரு வரம்பைத் தாண்டினால் அடுத்த படி. எளிமையான முறை, ஆனால் கோழையும் வீரனும் ஒரே போரிலிருந்து ஒரே பாடத்தைத்தான் கற்கிறார்கள். கிரூசேடர் கிங்ஸ் 3 இன்னும் முன்னேறிய விளையாட்டு. அதில் குழந்தையின் இயல்புக்கு ஏற்ற கல்வி எது என்று பார்க்கிறார்கள். குறும்புக்காரக் குழந்தைக்குப் போர்க்கல்வி நன்றாக வரும், யோசனையில் மூழ்கும் குழந்தைக்கு நிர்வாகமும் நூற்கல்வியும் வரும். 16 வயதில் படிப்பு முடிகிறது. பெரியவனான பின் தன் குணத்துக்கு மாறாக நடந்தால் மன அழுத்தம் ஏறுகிறது. இரக்கமுள்ளவன் கைதியைக் கொன்றால் அவனுக்கே அது வினையாகிறது. எனக்கு மிகவும் பிடித்த விதி இது. ஆனாலும் பயிற்சி என்று வரும்போது, குணம் அங்கே கூட்டிக்கொடுக்கும் மதிப்பெண்ணாக மட்டும் நிற்கிறது. எதைப் பயில்வது என்பதையே குணம் தீர்மானிக்க வேண்டும்.

குணத்தை எப்படி எழுதுவது என்பதற்கு உளவியலுக்குப் போவோம். 1936இல் ஆல்போர்ட், ஆட்பெர்ட் என்ற உளவியலாளர்கள் ஆங்கில அகராதியைத் துழாவி மனித இயல்பைக் குறிக்கும் 17,953 சொற்களைப் பட்டியலிட்டார்கள். அந்தக் கடல் பின்னால் ஐந்து பெரிய அளவுகோல்களாகச் சுருங்கியது. நடுவில் 1968இல் வால்டர் மிஷெல் ஒரு கேள்வி கேட்டார்: குணத்தை அளந்து வைத்துக்கொண்டு, ஒருவர் குறிப்பிட்ட ஒரு சூழலில் என்ன செய்வார் என்று சொல்ல முடிகிறதா? பெரிதாக முடியவில்லை என்றார். 2001இல் வில்லியம் ஃப்ளீசன் இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்தார். ஒரே ஆள் ஒரே நாளில் பல விதமாக நடந்துகொள்கிறார்; ஆனால் பல நாள் சராசரி எடுத்தால் அது அசையாமல் நிற்கிறது. மாட் எழுதுகிறவருக்கு இது கையில் கொடுத்த வரம். குணம் ஒற்றை எண்ணாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நடுமதிப்பும் அதைச் சுற்றிய பரவலும் போதும். வீரனும் சில நாள் பயப்படுவான்.

இரண்டு இளவரசர்களை எடுத்துக்கொள்வோம். இருவருக்கும் 10 வயது. துணிச்சல் ஒருவனுக்கு 60, மற்றவனுக்கு மைனஸ் 20. வாள், யானையேற்றம், கணக்கு, சாத்திரம் என்று நான்கு பயிற்சிகள். ஒவ்வொன்றுக்கும் அடிப்படை எடை 10. வாளுக்கு மட்டும் துணிச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டுகிறோம். முதலாமவனுக்கு வாளின் எடை 16, இரண்டாமவனுக்கு 8. மாதத்துக்கு ஒருமுறை பகடை உருட்டினால், 16 வயதுக்குள் வரும் 72 மாதங்களில் முதலாமவன் சுமார் 25 மாதம் வாள் பிடிப்பான், இரண்டாமவன் சுமார் 15 மாதம். திறமையோ மாதக் கணக்கில் நேராக ஏறாது. பயிற்சி கூடக்கூட ஒவ்வொரு புதிய மாதமும் தரும் பலன் குறைகிறது என்பதை நியூவெல்லும் ரோசன்புளூமும் 1981இல் விரிவாகக் காட்டினார்கள். எளிமைக்காக வர்க்கமூலம் எடுத்தால் ஒருவனுக்கு 5, மற்றவனுக்கு 4க்குச் சற்றுக் கீழே. நடுங்கும் பையனும் வாள் பழகியிருக்கிறான். வித்தியாசம் தெரிகிறது, ஆனால் யாரும் பொம்மையாகவில்லை.

ஆசிரியரையும் இதில் சேர்க்க வேண்டும். 1956இல் நியூயார்க்கில் குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கத் தொடங்கிய தாமஸும் செஸ்ஸும், குழந்தையின் சுபாவத்துக்கும் வளர்ப்பவரின் எதிர்பார்ப்புக்கும் உள்ள பொருத்தமே முக்கியம் என்றார்கள். கூச்ச சுபாவமுள்ள இளவரசனை அதட்டுகிற தளபதியிடம் விட்டால் மாதங்கள் ஓடும், திறமை ஏறாது. இதற்கு ஒரு பெருக்கெண் போதும்.

அடுத்தது சுழற்சி. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972, 73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பிறந்ததிலிருந்து தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். அவர்களின் 18 வயது முதல் 26 வயது வரையான தகவலை வைத்து ராபர்ட்ஸ், காஸ்பி, மொஃபிட் மூவரும் 2003இல் எழுதினார்கள்: எந்தக் குணம் ஒருவரை ஒரு வேலைக்கு இழுத்துப்போகிறதோ, அந்த வேலை அதே குணத்தை மேலும் கெட்டிப்படுத்துகிறது. துணிந்தவன் வாளெடுக்கிறான், வாள் அவனை மேலும் துணியவைக்கிறது. இதை அப்படியே கோப்பில் எழுதினால் 40 வயதில் ஒவ்வொரு பாத்திரமும் கேலிச்சித்திரமாகிவிடும். அதனால் வருடத்துக்கு ஒருமுறை குணத்தைப் பிறவி மதிப்பை நோக்கிக் கொஞ்சம் திருப்பி இழுக்க வேண்டும். வயது ஏற ஏறப் பொறுப்பும் நிதானமும் பொதுவாகக் கூடுவதையும் சேர்க்கலாம்.

இவ்வளவு செய்தும் ஒரு மனிதர் நம் விதிகளுக்குள் அடங்கமாட்டார். பராந்தகனின் மூத்த மகன் இராசாதித்தன் 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூடரோடு பொருது யானைமேல் இருந்தபடியே மாண்டான். சேரநாட்டிலிருந்து வந்து அவனுக்கு நெருக்கமான சாமந்தனாக இருந்த ஒருவர் அன்று களத்தில் இல்லை. தலைவனோடு சேர்ந்து உயிர்விடவில்லையே என்ற வேதனையில் அவர் உலகைத் துறந்தார்; திருவொற்றியூரில் தீட்சை பெற்றுச் சதுரானன பண்டிதர் என்ற பெயரில் அங்குள்ள மடத்துக்குத் தலைவரானார். இதைச் சொல்வது திருவொற்றியூர்க் கல்வெட்டு. சுபாவத்தைப் பற்றி வாய்திறக்காத கல்வெட்டுகளுக்கிடையே இது ஒரு மனிதரின் மனத்தையே திறந்து காட்டுகிறது.

துணிச்சலுக்கு மாதம் ஒரு புள்ளி கூட்டும் எந்த விதியும் இவரைத் தராது. இங்கே தேவை அதிர்ச்சி விதி: விசுவாசம் மிக அதிகம், தலைவன் போரில் இறக்கிறான், தான் களத்தில் இல்லை. மூன்றும் கூடினால் பிறவி மதிப்பே நகர வேண்டும். கற்றதை மட்டும் தொடக்கூடாது. படையை நடத்தக் கற்றவருக்கு ஆட்களை நடத்தத் தெரியும். அந்தத் திறமை இனி மடத்து நிர்வாகத்துக்குப் போகட்டும்.

விதி சரியா என்று பார்க்க, யாரும் ஆடாமல் கணினியே ஆடும்படி விட்டு, 949இன் சூழலைப் பலமுறை ஓட்ட வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் சாமந்தன் துறவியானால் நாம் எழுதியது கதை; ஒருமுறைகூட ஆகாவிட்டால் விசுவாசத்தின் எடையைக் கூட்டி மறுபடி ஓட்டவேண்டும்.